விலாசம் தவறிய புரதங்கள்: கை நடுக்கமும் மறதியும் பற்றிக் கேள்வி பதில்

பிறந்தது தேவகோட்டை. முப்பது வருடம் ஈஸ்ட் செல்லிலும் நரம்பு செல்லிலும் புரதங்கள் எப்படி இடம் மாறுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். மருத்துவர் அல்ல. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டாக்டர் கொடுத்த மாத்திரையை யாரும் தானாக நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

காரைக்குடி: ஆச்சி, புரதம் இடம் மாறுவதற்கும் எங்கள் ஐயாவின் கை நடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

இதற்கு விரிவாகவே சொல்கிறேன். நம் வீட்டுச் சீர்ப் பாத்திரம் எதை எடுத்தாலும் விளிம்பில் விலாசம் வெட்டியிருக்கும். கல்யாண வீட்டில் நாலு வீட்டு அண்டாவும் தூக்குச்சட்டியும் கலந்து கிடந்தாலும், மறுநாள் விலாசம் பார்த்து அவரவர் வீட்டுக்குப் போய்விடும். செல்லுக்குள்ளும் இதே ஏற்பாடுதான். எங்கே போக வேண்டும் என்ற விலாசம் புரதத்தின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. இதைக் காட்டிய குந்தர் புளோபெலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது. புரதங்களைச் சுமக்கும் நுண்பைகள் சரியான இடத்தில் எப்படி இறங்குகின்றன என்று கண்டுபிடித்த ரோத்மன், ஷெக்மன், சுதோஃப் மூவருக்கும் 2013-இல் கிடைத்தது. ஷெக்மன் அதைப் பார்த்தது ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் அந்த ஈஸ்ட்டில்.

சரி, போன பாத்திரம் திரும்ப வேண்டாமா? நான் வேலை செய்தது அந்தத் திரும்பும் பாதையில். செல்லுக்குள் குப்பையைக் கரைக்கும் அறைக்கு லைசோசோம் என்று பெயர். கேதெப்சின் டி என்ற வெட்டும் நொதி அங்கே போய்ச் சேர வேண்டும். அதைத் தூக்கிப்போகும் ஏற்பி, சரக்கை வழியில் இறக்கிவிட்டு, அடுத்த நடைக்காகக் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். திருப்பி அனுப்பும் புரதக் கூட்டத்தின் பெயர் ரெட்ரோமர். அதில் ஒன்று விபிஎஸ்35. அதன் 796 அமினோ அமிலங்களில் 620-ஆவது மட்டும் மாறியிருந்த குடும்பங்களில், கை நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோய் வருவதை, 2011-இல் சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் கண்டார்கள். ஏற்பி திரும்பாவிட்டால் அடுத்த நடை நொதி போகாது. வெட்டப்பட வேண்டிய ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் மிஞ்சி, கட்டி கட்டியாகச் சேரும். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் தெரியும் லூவி திரள்களில் இருப்பது இந்தப் புரதம்தான்.

நரம்பு செல் இதில் ஏன் அதிகம் அடிபடுகிறது? ஒன்று, அது பிரிந்து புதிதாவதில்லை. இன்னொன்று, தூரம். இடுப்பிலிருந்து பாதம் வரை போகும் ஒரே செல்லின் இழை ஒரு மீட்டர் நீளம். வேகமான சரக்கே ஒரு நாளில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர்தான் நகரும். இருட்டறையில் நுண்ணோக்கி வழியாக இதை எத்தனையோ ராத்திரி பார்த்திருக்கிறேன். பச்சையாக ஒளிரும் புள்ளிகள் ஒரு இழையில் வரிசையாகப் போகும். ஒன்று நிற்கும், பின்னால் வந்தது அதில் முட்டும், கொஞ்ச நேரத்தில் அந்த இடம் வீங்கிப்போய் இருக்கும்.

உங்கள் ஐயாவுக்கு இந்த ஜீன் கோளாறுதான் என்று சொல்லவில்லை. அது மிக அரிது. ஆனால் அரிதான குடும்பங்கள்தான் பொதுவான நோயின் பாதையை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தன.

புதுவயல்: மஞ்சள் தூள் பாலில் குடித்தால் சரியாகுமா?

ஆகாது. மஞ்சளில் உள்ள குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்கே சரியாக ஏறுவதில்லை.

திருப்பத்தூர்: பூனைக்காலி விதைப்பொடியில் பார்க்கின்சன் மருந்தே இருக்கிறதாமே?

உண்மைதான். லெவோடோபா அதில் இயற்கையாகவே உண்டு. அதனால்தான் பயப்படுகிறேன். ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறும். பொடியை நம்பி மாத்திரையை நிறுத்துவது அதைவிட மோசம்.

கண்டனூர்: மத்தியானம் கோழி சாப்பிட்ட அன்று அப்பச்சிக்கு மாத்திரை வேலை செய்வதில்லை. மனப்பிரமையா?

பிரமை இல்லை. நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். கறியில் இருந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே கதவில் நுழையப் பார்க்கின்றன. கூட்டத்தில் மருந்து பின்தங்கிவிடும். பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு மாத்திரை போடச் சொல்வார்கள். உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோழியை நிறுத்த வேண்டாம்.

கானாடுகாத்தான்: அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டிக்கட்டித்தான் நமக்கு இதெல்லாம் வருகிறது. ஒத்துக்கொள்ளுங்கள்.

பாதிதான் ஒத்துக்கொள்வேன். விபிஎஸ்35-லும், பார்க்கின்சன் குடும்பங்களில் இன்னும் பரவலாகத் தெரியும் எல்ஆர்ஆர்கே2 என்ற ஜீனிலும், பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பழுதுப் பிரதி வந்தாலே போதும். சொந்தத்தில் கட்டுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பார்க்கின், பிங்க்1 என்ற ஜீன்கள் வேறு ரகம். இரண்டு பிரதியும் பழுதானால்தான் நோய், அதுவும் பெரும்பாலும் இளம் வயதிலேயே வரும். அங்கே சொந்தத் திருமணம் வாய்ப்பைக் கூட்டும்.

தேவகோட்டை: அதனால்தானே ஒரே கோயிலுக்குள் பெண் எடுப்பதில்லை? முன்னோர் தெரிந்துதான் வைத்தார்கள்.

நம் நகரத்தார் ஒன்பது கோயில் பிரிவுகளாக இருந்து, ஒரே கோயிலுக்குள் சம்பந்தம் செய்யாத இந்த முறை மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் கோயில் அப்பா வழியில் போகிறது, ஜீன் இரண்டு வழியிலும் வருகிறது. மாமன் மகள் வேறு கோயிலாகவே இருக்கட்டும், அவளுக்கும் உங்களுக்கும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு ஜீன் பொது. கோயில் ஒரு வாசலை அடைக்கிறது, இன்னொரு வாசல் திறந்தே இருக்கிறது.

மறுபடி தேவகோட்டை: எங்கள் அப்பச்சியும் ஆத்தாவும் சொந்தம்தான். எங்களுக்கு ஒன்றும் இல்லையே?

நல்லது, நன்றாக இருங்கள். சொந்தத்தில் பிறக்கும் பெரும்பாலான பிள்ளைகள் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார்கள். நான் சொன்னது வாய்ப்பு கூடும் என்பது மட்டும். குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் யாருக்காவது நடுக்கம் வந்திருந்தால், அடுத்த சம்பந்தம் பேசுவதற்கு முன்பு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். இதனால் எந்த வீட்டுக்கும் மரியாதைக் குறைவு இல்லை. நோயை மறைத்துப் பெண் கொடுப்பதுதான் எனக்கு வருத்தம்.

பள்ளத்தூர்: அலுமினியச் சட்டியால் மறதி வருமா?

நிரூபணம் இல்லை.

கோட்டையூர்: வல்லாரை, மஞ்சள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்?

மஞ்சளுக்கு மேலே சொல்லிவிட்டேன். பொடி பற்றி இன்னும் ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள், எல்லோருக்கும் அதே பதில்தான். வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடுங்கள், மருந்தாக நம்பாதீர்கள்.

அழகப்பா பல்கலைக்கழக மாணவி: இந்தத் துறைக்கு வர எதில் தொடங்கலாம்?

ஈஸ்ட்டில் தொடங்குங்கள் அம்மா. ரெட்ரோமரை முதலில் கண்டதும் அதில்தான். மலிவு, ஒன்றரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும், தப்பு செய்தால் மறுநாளே திரும்பச் செய்யலாம்.

காரைக்குடி: ஒருவர் பேச்சைக் கேட்டு ஆத்தாவின் பார்க்கின்சன் மாத்திரைகளை மூன்று நாளாக நிறுத்தியிருக்கிறோம். உடம்பு கட்டையாக விறைக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது. என்ன கொடுக்கலாம்?

வீட்டில் எதுவும் கொடுக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும், உயிருக்கே ஆபத்து. மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு, அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். எந்த மாத்திரை, என்றைக்கு நிறுத்தினீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். மற்றவர்களின் கேள்விகளை அப்புறம் பார்க்கிறேன்.