ஹாலிவுட்டின் சாவி கொட்டகைக்காரர் கையில்

கேள்வி: எடிசனின் காப்புரிமைக் கெடுபிடிக்குத் தப்பிக் கலிபோர்னியாவுக்கு ஓடிய சுதந்திரக் கலைஞர்கள் எழுப்பிய கோட்டைதான் ஹாலிவுட் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். பிழைக்க வந்த ஏழைகள் ஒரு பெரும் ஏகபோகத்தை உடைத்த அந்த வரலாற்றைச் சென்ற இதழில் 'கொட்டகை வியாபாரிகளின் வெற்றி' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்களே, இது நியாயமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: 'வியாபாரி' என்ற சொல்லில் நீங்கள் ஓர் இழிவைக் காண்கிறீர்கள், அதை எழுதியபோது எமக்கு அப்படியோர் எண்ணம் இருக்கவில்லை. பாரமவுண்ட்டை வளர்த்தெடுத்த அடால்ஃப் சூகர், ஹங்கேரியிலிருந்து அநாதைச் சிறுவனாக வந்து, மென்மயிர்த் தோலாடை விற்று முன்னுக்கு வந்தவர். யூனிவர்சலை நிறுவிய கார்ல் லெம்லி, ஜெர்மனியில் பிறந்து, விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு துணிக்கடையை நிர்வகித்து வந்தவர். வில்லியம் ஃபாக்ஸ் நியூயார்க்கின் ஆயத்த ஆடைத் தொழிலிலும், சாமுவேல் கோல்ட்வின் கையுறை விற்பனையிலும் தேர்ந்தவர்கள். வார்னர் சகோதரர்களின் தந்தை செருப்புத் தைத்துப் பிழைத்தவர். இவர்களில் கோல்ட்வின் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் சினிமாவுக்குள் நுழைந்த வாசல் கொட்டகையின் வாசல்தான். 5 சென்ட் நாணயத்தை வாங்கிக்கொண்டு படம் காட்டிய 'நிக்கலோடியன்' என்னும் சிறு கூடங்களில், எந்தப் படத்துக்குக் கூட்டம் சேர்கிறது, எந்தப் படத்துக்குப் பாதியிலேயே எழுந்து போகிறார்கள் என்பதைக் கல்லாவில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். லெம்லி 1906-இல் சிகாகோவிலும், லூயி பி. மேயர் 1907-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலும் இப்படித்தான் தொடங்கினார்கள். அந்தப் படிப்பு எடிசனுக்கு வாய்க்கவில்லை.

இனி, தப்பி ஓடிய கதைக்கு வருவோம். 1908 டிசம்பரில் எடிசன் நிறுவனமும் பயோகிராஃப் நிறுவனமும் முன்னின்று, முக்கியமான தயாரிப்பாளர்களைச் சேர்த்துக்கொண்டு, தங்கள் காப்புரிமைகளை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்தது உண்மை. உரிமம் பெறாதவருக்குக் கச்சா பிலிம் விற்பதில்லை என்று ஈஸ்ட்மன் கோடாக்கோடு ஒப்பந்தம் செய்துகொண்டதும், தங்கள் படங்களை ஓட்டும் ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் வாரம் 2 டாலர் கப்பம் வசூலித்ததும் உண்மை. ஆனால் 1909-இல் லாஸ் ஏஞ்சலீஸில் முதலில் கால் ஊன்றியவர்களுள் ஒருவரான செலிக் அந்தக் கூட்டணியின் உறுப்பினர். 1910-இன் குளிர்காலத்தில் இயக்குநர் கிரிஃபித்தையும் நடிகர்களையும் அங்கே அனுப்பிய பயோகிராஃபோ கூட்டணியின் தூண். தம்மிடமிருந்து தாமே தப்பி ஓட முடியுமா? ஹாலிவுட் என்னும் பகுதிக்குள் 1911-இல் முதல் ஸ்டுடியோவைத் திறந்த நெஸ்டர் சுயேச்சை நிறுவனம்தான் என்றாலும், காப்புரிமைச் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவானது. கலிபோர்னியாவிலும் கூட்டாட்சி நீதிமன்றங்கள் இருந்தன. அவர்களை அங்கே இழுத்தவை ஆண்டு முழுவதும் அடிக்கும் வெயிலும், கடல், மலை, பாலைவனம் மூன்றும் பக்கத்திலேயே இருந்த வசதியும், தொழிற்சங்கங்கள் வலுப்பெறாத ஊரில் மலிவாகக் கிடைத்த உழைப்பும்தான்.

கூட்டணி உடைந்த இடம் நாட்டின் மறுகோடி. 1910-இல் அவர்கள் ஜெனரல் ஃபிலிம் என்ற விநியோக நிறுவனத்தைத் தொடங்கி, ஊர் ஊராகப் படப்பெட்டி வாடகைக்கு விட்டுவந்த ஏஜென்சிகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கத் தொடங்கினார்கள். விற்க மறுத்தவருக்கு உரிமம் ரத்து. நியூயார்க்கில் வாடகை ஏஜென்சி நடத்திய ஃபாக்ஸ் விற்க மறுத்தார், அரசாங்கத்திடம் முறையிட்டார். 1912-இல் மத்திய அரசே வழக்குத் தொடுக்க, 1915-இல் இந்தக் கூட்டணி ஏகபோகத்தைத் தடுக்கும் ஷெர்மன் சட்டத்துக்கு முரணானது என்று பென்சில்வேனியா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புரொஜெக்டரின் காப்புரிமையைக் காட்டி அதில் எந்தப் படத்தை ஓட்டலாம் என்று நிபந்தனை போடக் கூடாது என 1917-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதை இன வரலாறாகச் சுருக்கி, பூர்வகுடி வெள்ளையரை வந்தேறி யூதர்கள் வென்றார்கள் என்று எழுதுவோரும் உண்டு. எடிசன் கூட்டணியிலேயே ஃபிலடெல்பியாவின் சிக்மண்ட் லூபின் என்ற யூதக் குடியேறி இருந்தார் என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். (பிறர் படங்களைப் பிரதியெடுத்து விற்றதில் லூபின் கைதேர்ந்தவர். அது தனிக்கதை.)

இதுவரைக்கும் உங்கள் வீரக்கதையோடு எமக்குப் பெரிய சண்டை இல்லை. வென்றவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதை நீங்கள் கேட்கவில்லை என்பதே எம் குறை.

பாரமவுண்ட், முதலில் ஒரு தயாரிப்பு நிறுவனமே அல்ல. 1914-இல் ஹாட்கின்சன் என்பவர் நாடெங்கும் படங்களைக் கொண்டுசேர்க்க உருவாக்கிய விநியோக நிறுவனம் அது. தயாரிப்பாளருக்கு முன்பணம் கொடுத்து, வசூலில் 35 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. அதற்குப் படம் கொடுத்துவந்தவர்களில் முதன்மையானவர் சூகர். பாலைக் கறப்பவரைவிடக் கொண்டுபோய் விற்பவருக்கே பலம் என்பதைக் கண்டுகொண்ட அவர், 1916-இல் பங்குகளைச் சேர்த்து ஹாட்கின்சனை வெளியேற்றிவிட்டு நிறுவனத்தைக் கைப்பற்றினார். பிறகு வந்தது மொத்தக் கொள்முதல் முறை: நட்சத்திர நடிகை மேரி பிக்ஃபோர்ட் நடித்த படம் வேண்டுமென்றால், இன்னும் எடுக்கப்படாத, பெயர்கூட வைக்கப்படாத பல படங்களுக்கும் சேர்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாக வேண்டும். சர்க்கரை கேட்டால் டீத்தூளையும் சோப்பையும் தலையில் கட்டும் கடைகளைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொட்டகைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1917-இல் பெரிய கொட்டகை முதலாளிகள் ஒன்றுகூடி ஃபர்ஸ்ட் நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கி, சாப்ளினுக்கே எட்டுப் படங்களுக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்து இழுத்தார்கள். சூகரின் பதிலடி வேறு தளத்தில் வந்தது. 1919-இல் கூன் லோப் என்ற வங்கி நிறுவனத்தின் துணையோடு 1 கோடி டாலர் திரட்டி, கொட்டகைகளையே வாங்க இறங்கினார். தயாரிப்பு, விநியோகம், திரையீடு மூன்றும் ஒரே கையில் சேர்ந்தது இப்படித்தான். 1921-இல் அரசின் வணிக ஆணையம் அவர் நிறுவனத்தின் மீது ஏகபோகக் குற்றம் சாட்டியபோது, அன்று ஃபாக்ஸ் எழுப்பிய முறையீட்டை வேறு பெயர்களை நிரப்பி மறுபடி எழுதியது போலவே இருந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கணக்கு வரலாற்றில் செல்லாது, ஐயா.

அதிகாரம் எங்கே இருந்தது என்பதை அறிய ஃபாக்ஸின் கதையே போதும். மெட்ரோ கோல்ட்வின் மேயரின் தலைவராக ஹாலிவுட்டில் கோலோச்சிய லூயி மேயர், உண்மையில் நியூயார்க்கில் இருந்த லோஸ் என்ற கொட்டகை நிறுவனத்தின் சம்பளக்காரர். அதை நிறுவிய மார்க்கஸ் லோ 1927-இல் இறந்தபின், நிர்வாகத்துக்கு வந்த நிக்கலஸ் ஷெங்க், 1929-இல் லோ குடும்பத்தின் பங்குகளோடு தம்முடையவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 5 கோடி டாலருக்கு ஃபாக்ஸிடம் விற்றார். மேயரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேயருக்கு ஜனாதிபதி ஹூவரோடு நெருக்கம் இருந்தது. அந்த ஜூலையில் ஃபாக்ஸ் கார் விபத்தில் படுகாயமடைந்தார். அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. நவம்பரில் அரசு அவர் மீதே ஏகபோகத் தடுப்பு வழக்குப் போட்டது. மறு ஆண்டு அவர் கையிலிருந்து அவருடைய நிறுவனமே போயிற்று. பின்னர் திவால் வழக்கில் நீதிபதிக்கு லஞ்சம் கொடுத்ததாக ஒப்புக்கொண்டு சிறைக்கும் போய் வந்தார்.

இந்தப் பலத்தின் வீச்சு நம் நாட்டையும் தொட்டது. சொந்தக் கொட்டகைகளிலேயே செலவை ஈட்டிவிட்ட படத்தை வெளிநாட்டுக்கு எந்த விலைக்கும் கொடுக்கலாம். சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-இல் அமைந்த இந்திய சினிமா விசாரணைக் குழுவின் முன் வந்த முக்கியமான பிரச்சினைகளில் ஒன்று, நம் கொட்டகைகளை நிரப்பியிருந்த அமெரிக்கப் படங்கள். பிரிட்டிஷ் பேரரசுப் படங்களுக்குச் சலுகை கொடுத்து அவற்றைத் தடுக்கலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை என்பது அதன் பெருமை.

உங்கள் கேள்வியில் வரும் 'சுதந்திரக் கலைஞர்கள்' இல்லாமலும் இல்லை. சாப்ளின், மேரி பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், கிரிஃபித் ஆகிய நால்வரும் 1919-இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, தங்கள் படங்களைத் தாங்களே விநியோகித்தார்கள். ஆனால் படத்தைக் காட்டப் பெருநகரங்களில் பெரிய நிறுவனங்களின் கொட்டகை வாசலில்தான் நிற்க வேண்டியிருந்தது. நாட்டிலிருந்த 18,000-க்கும் மேற்பட்ட கொட்டகைகளில் ஐந்து பெரிய நிறுவனங்களுக்குப் பங்கிருந்தவை 17 சதவீதத்தைச் சற்றே தாண்டியவைதான். அதே சமயம், ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 92 நகரங்களில் புதுப்படம் முதலில் வெளியாகும் கொட்டகைகளில் குறைந்தது 70 சதவீதம் அவர்களோடு இணைந்தவை. இந்தக் கணக்கு 1948 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலேயே இருக்கிறது. 1915-இல் எடிசன் கூட்டணியை வீழ்த்திய அதே ஷெர்மன் சட்டத்தின்படி தொடுக்கப்பட்ட அந்த வழக்கின் பிரதிவாதிகளை எண்ணிப் பாருங்கள்: சூகர் வளர்த்த பாரமவுண்ட், மேயரின் முதலாளியான லோஸ், வார்னர், ஆர்.கே.ஓ., ஃபாக்ஸின் பெயரைத் தாங்கி நின்ற நிறுவனம், கொலம்பியா, லெம்லி தொடங்கிய யூனிவர்சல். எட்டாவதாக அந்த வரிசையில் நின்றது, கலைஞர் நால்வர் தொடங்கிய யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்.