புது கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள் போட்டாச்சு, 'கனெக்டட்' என்று காட்டுகிறது. இணைப்பு சரியா என்று எப்படி உறுதி செய்வது?

'கனெக்டட்' என்றால் கேபிளின் மறுமுனையில் ஒரு கருவி உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். சோதனையைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்துத் தூரத்துக்குப் போங்கள். எடுத்தவுடன் ப்ரௌசரைத் திறந்தால் கோளாறு எந்த இடத்தில் என்று பிடிபடாது.

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கொடுங்கள். ஐபிவி4 முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி வரவில்லை, விண்டோஸ் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். வீடுகளில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்.

அடுத்து 'டிஃபால்ட் கேட்வே' எதிரே உள்ள எண்ணுக்கு, அதாவது ரவுட்டருக்கு, பிங் (பதில் வருகிறதா என்று பார்க்க அனுப்பும் சிறு சோதனைச் செய்தி; கமாண்ட் ப்ராம்ப்டில் ping என்று அடித்து எண்ணைச் சேர்க்க வேண்டும்) கொடுங்கள். வழக்கமாகப் போகும் நான்கு பிங் போதவே போதாது. '-என் 100' (-n 100) சேர்த்து நூறு அனுப்புங்கள். கேபிளில் பதில் 1 மில்லிசெகண்ட் அளவில் வர வேண்டும், ஒன்றுகூடத் தொலையக் கூடாது. இரண்டு மூன்று தொலைந்தாலே முதலில் கிரிம்பை, அதாவது கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்திய இடத்தை, சந்தேகப்படுங்கள்.

பலரும் பார்க்காமல் விடுவது லிங்க் ஸ்பீட், அதாவது கேபிள் வழியே இரு கருவிகளும் பேசிக்கொள்ளும் வேகம் (எம்பிபிஎஸ் கணக்கில்). செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் இருக்கும். ஜிகாபிட் கருவிகளுக்கு இடையே 1000-க்குப் பதில் 100 காட்டினால் பெரும்பாலும் கேபிளில்தான் கோளாறு இருக்கும். ஜிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின் போதும். அதனால் 4, 5, 7, 8-இல் ஒன்று ஒட்டாமல் போனாலும் இணையம் ஓடும், வேகம் மட்டும் சத்தமில்லாமல் இறங்கிவிடும். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: எட்டுக் கம்பி நுனியும் முன்சுவரைத் தொட வேண்டும், வெளியுறை கிளிப்புக்கு அடியில் நுழைந்திருக்க வேண்டும். நிற வரிசை இரு முனையிலும் ஒன்றாக இருக்கட்டும். ரவுட்டர் போர்ட்டே 100 என்றால் கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதெல்லாம் தேறினால் இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங். ரவுட்டர் பதில் தந்து இது மட்டும் வராவிட்டால் இணைய நிறுவனத்தின் பக்கம் பாருங்கள். (சில அலுவலகங்களில் பிங்கையே தடுத்திருப்பார்கள்.) எண்ணுக்குப் பதில் வந்து தளத்தின் பெயருக்கு வரவில்லையா? தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் சிக்கல், டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்துடையது) வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் ஒருமுறை அணைத்துப் போட்டு மறுபடி சோதியுங்கள். நீங்களே கையால் கொடுத்த ஐபி, ரவுட்டர் பங்கிடும் எல்லைக்குள் இருந்தால், அதே எண் ஒரு நாள் வேறொரு போனுக்கும் போய்விடலாம். அப்போது இரண்டுமே விட்டுவிட்டு அறுபடும்.