முதல் தவளை: சிறுசு என்றால் சுலபமா?

*மகன் ஒன்பதாம் வகுப்பு. மரத்தவளை வளர்க்க வேண்டும் என்று ஒரே அடம். சின்னதாக, அதிக வேலை வைக்காததாக ஒன்று சொல்லுங்கள் சார்.*
*(ஒரு தாய், பாளையங்கோட்டை)*

சின்னது என்றால் வேலையும் குறைவு என்று எண்ணாதீர்கள் அம்மா. தவளை விஷயத்தில் கணக்கு தலைகீழ். கட்டைவிரல் நகம் அளவுத் தவளைக்கு இரை எறும்பு அளவில் இருக்க வேண்டும். அதை வாரா வாரம் எங்கே போய்த் தேடுவீர்கள்? ஒரு நாள் தண்ணீர் தெளிக்க மறந்தால் உடம்பு வற்றிப்போகும். ஒயர் நுழைகிற ஓட்டை கிடைத்தால் ஆளே காணாமல் போகும். முதல் தவளை கொஞ்சம் தடித்ததாக இருப்பதே நல்லது.

என்னைக் கேட்டால் ஒயிட்ஸ் மரத்தவளை. பெயர்தான் ஒயிட்ஸ், நிறம் பச்சை. 1790-இல் இதைப் பற்றி எழுதிய ஜான் ஒயிட் என்ற மருத்துவரின் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்த ஊர் ஆஸ்திரேலியாவும் நியூ கினியும். வளர்ந்தால் 7 முதல் 11 செ.மீ. வரை இருக்கும். தோல் மெழுகு பூசியது போல இருப்பதால் மற்ற மரத்தவளைகளைவிட வறட்சியைத் தாங்கும். நம் ஆடிக்காற்றை நினைத்தால் இது சாதாரண விஷயமில்லை. ஆனால் 15 வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். மகன் படித்து முடித்து வெளியூர் வேலைக்குப் போன பிறகு தவளைக்கு இரை போடப்போவது நீங்கள்தான். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கப் பச்சை மரத்தவளை 5, 6 செ.மீ.தான், லட்சணமாக இருக்கும். ஆனால் பயந்த சுபாவம். கண்ணாடியில் மோதி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். சிவப்புக்கண் மரத்தவளை படத்தில் பார்க்கத்தான் அழகு. எப்போதும் ஈரக்காற்று கேட்கும், பகல் முழுக்கத் தூங்கும். அது 2010 முதல் சைட்டிஸ் என்ற, வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்ய வேண்டும். முதல் தவளைக்கு இத்தனை தலைவலி வேண்டாம்.

எதை வாங்கினாலும், கடையிலேயே அது இரை தின்பதைக் கண்ணால் பாருங்கள். “நல்லா சாப்பிடும் சார்” என்ற வார்த்தையை நம்பி நான் ஒன்றை வாங்கி வந்தேன். மூன்றாவது வாரம் செத்துப்போனது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு இருந்ததை அன்றே கவனித்தேன், ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

*அண்ணாச்சி, சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் தவளை தாங்குமா?*
*(மேலப்பாளையம் வாசகர்)*

ஒயிட்ஸ் தவளைக்கு 24 முதல் 29 டிகிரி வரை சுகம். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் வெயில் 38-ஐத் தாண்டும். மொட்டை மாடி அறையில் பெட்டியை வைத்தீர்கள் என்றால் அது அடுப்புதான். கீழ்த்தளத்தில், வெயில் படாத சுவரோரம் வையுங்கள். நனைத்துப் பிழிந்த சணல் சாக்கைப் பெட்டியின் மேலும் பக்கத்திலும் போட்டு, எதிரே ஃபேனைச் சுழலவிட்டால் சூடு கொஞ்சம் இறங்கும். மேலே காற்றோட்டத்துக்கு மட்டும் இடம் விடுங்கள். பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். அது மத்தியானம் 32-ஐத் தாண்டிக்கொண்டே இருக்கிறதா? அப்படியென்றால் உங்கள் வீட்டுக்குத் தவளை ஒத்துவராது. இதில் சமாதானம் கிடையாது.

இன்னொன்று. கொசு லிக்விட், கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி எதுவும் அந்த அறையில் கூடாது. தவளை தோல் வழியாகவும் மூச்சு விடுகிற உயிர்.

*குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றலாமா?*

கூடாது. தாமிரபரணித் தண்ணீர் என்றாலும் குளோரின் கலந்துதான் குழாயில் வருகிறது. வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள், அல்லது வளர்ப்பு மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்துவிடுங்கள். கிண்ணத்துத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

*இரைக்கு என்ன செய்வது? வீட்டில் பிடிக்கிற கரப்பான் போதாதா?*
*(வண்ணார்பேட்டை வாசகி)*

வேண்டாம் தாயி. உங்கள் வீட்டில் மருந்து அடிக்காவிட்டாலும் அடுத்த வீட்டில் அடித்திருப்பார்கள். பண்ணையில் வளர்த்த சுவர்க்கோழிகள்தான் சரி. கடைக்காரர் கிரிக்கெட் என்பார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் முட்டை அடுக்கும் காகித அட்டையும் கேரட் துண்டும் போட்டு வைத்தால் சில நாள் உயிரோடு இருக்கும். தின்று கொழுத்த சுவர்க்கோழியைத்தான் தவளைக்குக் கொடுக்க வேண்டும். கால்சியம் பொடியில் புரட்டிப் போடுங்கள். இரையின் நீளம் தவளையின் இரு கண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. வளர்ந்த தவளைக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை போதும். ஒயிட்ஸ் தவளை கேட்டுக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு மேலே கொழுப்பு மடிந்து தொங்குகிறதா என்று பாருங்கள், தொங்கினால் இரையைக் குறையுங்கள்.

இரை தொடர்ந்து கிடைக்க வழி செய்துவிட்டு, அப்புறம் தவளையைத் தேடுங்கள்.

*அம்பை பக்கம் எங்கள் தோட்டத்தில் விரலில் தோல் விரித்துப் பாய்கிற பச்சைத் தவளை வருகிறது. பிடித்து வளர்க்கலாமா?*

வேண்டவே வேண்டாம். மலையடிவாரத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. களக்காட்டின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கும் பாயும் தவளை ஒன்று உண்டு. களக்காடு - முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருந்து எந்த உயிரை எடுத்தாலும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதுபோல, கடையில் வாங்கிய தவளை அலுத்துவிட்டது என்று மணிமுத்தாறு பக்கம் கொண்டுபோய் விடாதீர்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை அப்படித்தான் ஊர் மாறுகிறது.

*ஒரே பெட்டியில் ஆமை, மீன், தவளை?*

ஒன்றை ஒன்று தின்னும். வேண்டாம்.

*குளியலறையில் தினமும் ராத்திரி ஒரு தேரை வந்து ஒட்டிக்கொள்கிறது. தேரை மோந்தால் பிள்ளை மெலிந்துவிடும் என்கிறார் மாமியார். விரட்டவா?*
*(இளம் தாய், சேரன்மகாதேவி)*

பிள்ளை மெலிந்தால் டாக்டரிடம் எடை பார்க்கக் கொண்டு போங்கள், தேரை மேல் பழி போடாதீர்கள். உங்கள் வீட்டில் இருப்பது நம் ஊர் மரத்தவளையாகத்தான் இருக்க வேண்டும். பழுப்பு நிறம், தொடையின் பின்புறம் மஞ்சள் புள்ளி, விரல் நுனியில் பொத்தான் மாதிரி ஒட்டு. வெயில் காலத்தில் ஈரத்தைத் தேடி வீட்டுக்குள் வரும். கடிக்காது. குழந்தை தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டால் போதும்.

மழை தொடங்கியதும் தொட்டியின் உள்சுவரில், தண்ணீருக்குச் சற்று மேலே, சோப்பு நுரை போல ஒரு கட்டி தெரியும். கழுவிவிடாதீர்கள். பின்னங்காலால் அடித்தடித்து அது கட்டிய கூடு, உள்ளே முட்டை. சில நாளில் தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாக நழுவித் தண்ணீரில் விழும். பாளையங்கோட்டை அம்மா இதைப் படித்தால், மகனை ஒரு சனிக்கிழமை சேரன்மகாதேவிக்கு அனுப்பலாம்.