சுய் ஜியானை எங்கிருந்து கேட்பது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுய் ஜியானைச் சீன ராக் இசையின் தந்தை என்கிறார்கள். தேடினால் 1989-ல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் போராடிய மாணவர்கள் பாடிய ஒரு பாட்டைப் பற்றி மட்டுமே பேச்சு. 1989-க்குப் பிறகு அவரைத் தடை செய்துவிட்டார்களா? மொழி தெரியாதவன் எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்,

போராட்டப் பாடகர் என்ற ஒரே அடையாளத்தில் அவரைப் பூட்டிவைத்ததால் நேர்ந்த இழப்பு இது. அடிப்படையில் அவர் டிரம்பெட் கலைஞர். 1961-ல் பெய்ஜிங்கில், கொரிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா டிரம்பெட் வாசித்தவர், அம்மா நடனக் கலைஞர். பதினான்கு வயதில் டிரம்பெட்டைக் கையில் எடுத்தவர், 1981 முதல் பெய்ஜிங்கின் அரசு இசைக்குழுவில் சம்பளத்துக்கு வாசித்தார். எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும், எங்கே ஒதுங்க வேண்டும் என்ற கணக்கு அவர் பாட்டுகளில் கச்சிதமாக இருப்பது அந்தப் பயிற்சியால்தான்.

நீங்கள் சொல்லும் பாட்டு 'யீ வூ சோ யோ', அதாவது 'கையில் ஏதுமில்லை'. 1986 மே 9 அன்று பெய்ஜிங் தொழிலாளர் விளையாட்டரங்கில் பாடினார். வரிகளின்படி அது காதல் பாட்டு: கையில் காசில்லாதவன் ஒருவன் தன்னோடு வரச்சொல்லிப் பெண்ணைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். மெட்டில் வடமேற்குச் சீனத்து நாட்டுப்பாடலின் சாயல், கீழே மின்கிதாரும் டிரம்ஸும். இடையில் சுவோனா வரும் இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். நம் நாதஸ்வரம்போலச் சீவாளி வைத்து ஊதும் வாத்தியம் அது. அங்கே கல்யாணத்திலும் சாவிலும் ஊதுவார்கள். வெட்டவெளியில் ஊதப் பிறந்த வாத்தியம் என்பதால் மின்கிதாருக்கு நேராக நிற்கும் சத்தம் அதற்கு உண்டு. ராக்கில் நாட்டு வாத்தியத்தைச் சேர்க்கும் பலர் அதை மெல்லிய அலங்காரமாகப் பின்னால் வைத்துக் கெடுப்பார்கள். இங்கே அது முன்னால் வந்து பாட்டையே தூக்கிப்பிடிக்கிறது. அதை வாசித்த லியூ யுவான்தான் அவருடைய சாக்ஸபோன் கலைஞராகவும் இருந்தார். அவருடைய அன்றைய இசைக்குழுவான 'அடோ'வில் கிதார் வாசித்தவர் மடகாஸ்கர்காரர், பேஸ் கிதார் வாசித்தவர் ஹங்கேரிக்காரர்.

தடை பற்றி. ஆல்பங்கள் நிற்கவில்லை, 1991, 1994, 1998 என்று வந்துகொண்டே இருந்தன. அடி விழுந்தது மேடையில். அங்கே கச்சேரிக்கு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு நிதி திரட்டத்தான் அவர் சுற்றுப்பயணம் கிளம்பினார். சிவப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு பாடினார். செங்டு நகரத்தோடு பயணம் நிறுத்தப்பட்டது. அதன்பின் சின்ன இடங்கள், வெளியூர்கள், வெளிநாடுகள். சொந்த ஊரில் பெரிய அரங்கு மறுபடி கிடைத்தது 2005 செப்டம்பரில். இடைப்பட்ட காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. ஓடும் பதிவுக்கு வாயசைப்பதை எதிர்த்து 2002-ல் இயக்கமே நடத்தினார். நேரடி வாசிப்பு செத்தால் வாத்தியக்காரர்களும் சாவார்கள் என்பதை உணர்ந்து செய்த காரியம் என்றே அதை மதிக்கிறேன். 2022 ஏப்ரலில் அவருடைய இணையக் கச்சேரியைப் பார்த்தவர்கள் நான்கு கோடிக்கும் மேல்.

கேட்கும் வரிசைக்கு வருகிறேன். முதலில் 1989-ல் வந்த 'புதிய நெடும்பயணத்தில் ராக்'. முதல் பாட்டில் ஒன்றிலிருந்து ஏழுவரை எண்ணும் இடம் மொழி தெரியாதவருக்கும் உடனே பிடிபடும். அதே ஆல்பத்தில் ஏறக்குறைய பேச்சாகவே போகும் பாட்டொன்று இருக்கிறது. சீன ராப்பின் தொடக்கங்களில் அதையும் சொல்வார்கள். அடுத்து 1991 ஆல்பத்தைத் தாண்டி 1994 ஆல்பத்துக்குப் போங்கள். அவருடைய உச்சம் அதுதான் என்பது என் எண்ணம். பித்தளை வாத்தியங்களும், ஃபங்க் என்ற அமெரிக்கக் கறுப்பின நடன இசையின் தாளமும் அங்கே இறுக்கமாகப் பின்னியிருக்கின்றன. பிறகு 1991-க்குத் திரும்பலாம்.

1998 ஆல்பத்தில் மட்டும் தொடங்காதீர்கள். கணினி ஒலிகளும் ராப்பும் நிறைந்தது அது, சொல் புரியாமல் பாதி கைநழுவிப் போகும். மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசியாகக் கேளுங்கள்.