கொரிய எழுத்துகளுக்கு யூனிகோடில் 11,172 இடங்கள் ஒதுக்கியது வீண்தானே?

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் குறியெண் தரும் யூனிகோடு தரத்தில், அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே உள்ள மொழிக்கு இத்தனை இடம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நிரல் எழுதும்போது அந்தப் பட்டியலின் நீளத்தைக் கண்டு மலைத்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். அது வீண் அன்று என்பதை உறுதியாகச் சொல்வேன்.

கொரியர்கள் மெய்யையும் உயிரையும் ஒரே சதுரத்துக்குள் அடுக்கி, அசையசையாக எழுதுகிறார்கள். இரட்டித்தவற்றையும் கூட்டெழுத்துகளையும் சேர்த்து முதல் மெய் 19, உயிர் 21, இறுதி மெய் இல்லாத நிலையோடு சேர்த்து இறுதி 28, பெருக்கினால் 11,172. முதல் மெய்யின் வரிசை எண்ணை 21-ஆல் பெருக்கி, உயிரின் எண்ணைக் கூட்டி, வந்ததை 28-ஆல் பெருக்கி, இறுதி மெய்யின் எண்ணையும் 44,032-ஐயும் கூட்டினால் அந்த அசையின் குறியெண் கிடைத்துவிடும். வரிசைகளைச் சுழியத்திலிருந்து எண்ண வேண்டும். ‘ஹான்’ என்ற அசைக்கு இப்படி 54,620 வரும்.

இந்த ஒழுங்கு எளிதில் வந்துவிடவில்லை. 1987-இன் கொரியத் தேசியத் தரம் அடிக்கடி வரும் 2,350 அசைகளுக்கு மட்டுமே இடம் தந்தது. மீதமுள்ள 8,822 அசைகளை விண்டோஸ் 95 தன் விரிவாக்கத்தில் சேர்த்தது. யூனிகோடு 1996-இல், இரண்டாம் பதிப்பில், முன்பு கொடுத்திருந்த 6,656 இடங்களைக் கைவிட்டு, முழுத் தொகுதியையும் புதிய இடத்தில் அமைத்தது.

ஒரு கொரிய நிறுவனத்தின் பழைய வாடிக்கையாளர் பதிவுகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றும் பணியில் நான் இருந்தபோது, சில பெயர்களின் நடுவே கேள்விக்குறிகள் நின்றன. முன்பு அப்பணியைச் செய்தவர்கள் 2,350-க்கு வெளியே இருந்த அசைகளையெல்லாம் அப்படி மாற்றியிருந்தார்கள். மிகச் சில பதிவுகள்தாம், விட்டுவிடலாம் என்றார் மேலாளர். நான் இணங்கவில்லை, மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி, விரிவாக்கப்பட்ட குறியேற்றத்தில் வாசித்ததும் பெயர்கள் அனைத்தும் முழுமையாக வந்தன. அரிதாக வருகிறது என்பதற்காக ஒருவருடைய பெயரிலிருந்து ஓர் அசையை நீக்க எவருக்கும் உரிமையில்லை.

உதிரி எழுத்துகளைச் சேர்த்து எழுதும் வழியும் யூனிகோடில் இருக்கிறதே என்று சிலர் மறுக்கலாம். இருக்கிறது, இன்று வழக்கொழிந்த எழுத்துகளைக் கொண்ட பழைய நூல்களுக்கு அது இன்றியமையாதது, அதை நான் குறைகூறவில்லை. ஆனால் இறுதி மெய்யுள்ள ஓர் அசை அவ்வழியில், யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல், 3 பைட்டுக்குப் பதிலாக 9 பைட்டு பிடிக்கும். இரு வடிவங்களையும் ஒருமைப்படுத்தாத நிரலில் பெயரைத் தேடினால் கிடைக்காது.

பழைய கொரியக் கோப்பு உங்கள் கைக்கு வந்தால், 2,350 அசைகள் மட்டுமே கொண்ட இயூசி-கேஆர் குறியேற்றம் என்று குறிக்கப்பட்டிருந்தாலும், விண்டோஸின் விரிவாக்கமான சிபி949 என்றே வாசியுங்கள். முன்னதில் உள்ள அனைத்தும் பின்னதில் அடக்கம்.