இரைச்சலுக்குள் தொலையும் பேச்சு

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயதில் வலது காதில் கொக்லியர் இம்பிளான்ட் (கேட்கும் நரம்பை மின்னோட்டத்தால் தூண்டும் உட்காதுக் கருவி) பொருத்தப்பட்டது. இப்போது தரம் 4இல் படிக்கிறான். வீட்டில் நான் சொல்வதெல்லாம் அவனுக்கு விளங்குகிறது. வகுப்பறையிலும் சந்தையிலும் பாதிக்கு மேல் தவறவிடுகிறான். சொல்வதெழுதலில் ‘பட்டம்’ என்பதைக் ‘கட்டம்’ என்று எழுதியதற்கு, ‘கவனமில்லை’ என ஆசிரியை குறிப்பெழுதி அனுப்பியிருக்கிறார். கருவியின் சத்தத்தைக் கூட்டிவிடலாமா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: சத்தத்தைக் கூட்ட வேண்டாம், அம்மா. கூட்டினால் ஆசிரியையின் குரலோடு மின்விசிறியின் இரைச்சலும் அடுத்த வகுப்பின் கூச்சலும் சேர்ந்தே கூடும், பேச்சின் தெளிவு அதிகரிக்காது. ‘கவனமில்லை’ என்ற சொல்லையும் தயவுசெய்து மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். இத்தகைய பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாகக் கவனித்தே களைத்துப்போகிறார்கள்.

கேட்கும் காதொன்றில் ஒலியை மூளைக்கு அனுப்பும் உள்மயிர்க் கலங்கள் ஏறத்தாழ 3,500 உள்ளன. அவற்றின் வேலையை உங்கள் மகனுக்குச் செய்வன, பெரும்பாலான கருவிகளில் 12 முதல் 22 வரையான மின்வாய்கள் மாத்திரமே. அவற்றின் மின்னோட்டமும் உட்காதினுள் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. அமைதியான அறையில் பேச்சை விளங்கிக்கொள்ள இது போதும். இரைச்சலில், குரல்களைப் பிரித்தறிய உதவும் சுருதி நுணுக்கங்கள் கிடைக்காமையால், எது ஆசிரியையின் குரல், எது பின்வாங்கில் இருக்கும் பிள்ளையின் குரல் என்று பிரிப்பது அவனுக்குக் கடினமாகிறது. முதலில் தொலைவன மெய்யொலிகளே. ‘பட்டம்’, ‘கட்டம்’, ‘சட்டம்’ மூன்றிலும் வேறுபடுவது முதல் மெய் ஒன்றுதான். ‘ப’ சொல்லும்போது உதடுகள் ஒட்டிப் பிரிவதை அவன் பார்த்திருந்தால் அந்தப் பிழை நேர்ந்திருக்காது. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று சொன்னாலோ, புத்தகத்தால் வாய் மறைந்தாலோ அந்த உதவியும் போய்விடுகிறது.

ஆகவே செய்ய வேண்டியது, குரலை அவனுக்கு அருகில் கொண்டுவருவதே. தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் நேரே வந்துசேரும் குரல் சுமார் 6 டெசிபெல் குறைகிறது. ஒரு மீற்றரில் கேட்கும் குரல் நான்கு மீற்றரில் 12 டெசிபெல் தளர்ந்துவிடும், இரைச்சலோ அப்படியே இருக்கும். இதற்கு மிகச் சிறந்த வழி, ஆசிரியை சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய கம்பியில்லா ஒலிவாங்கி. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குரலை வாங்கி, நேரே மகனின் கருவிக்கு அது அனுப்புகிறது. அவனுடைய கருவிக்குப் பொருந்தும் வகை எது, இரைச்சலுக்கான தனி அமைப்பு அவனுடைய கருவியில் உண்டா என்பதை அடுத்த மெப்பிங்கின்போது (கருவியின் ஒலி அளவுகளை அவனுக்கேற்பச் சரிசெய்யும்போது) செவிப்புலனியலாளரிடம் கேளுங்கள். விலை அதிகம் என்பது உண்மை. ஆயினும் ஏதேனும் உதவித்தொகை கிடைத்தால் முதலில் இதற்கே செலவிடுங்கள் என்பேன்.

அதுவரை, முன்வரிசையின் இடது ஓரத்தில் அவனை அமர்த்தச் சொல்லுங்கள். அப்போது வலக்காது ஆசிரியைப் பக்கம் இருக்கும். ஆனால் அரைச்சுவருக்கு அப்பால் வேறு வகுப்பு நடந்தால் அந்தச் சுவரோரம் வேண்டாம். நம் கடலோரக் காற்றின் ஈரமும் வியர்வையும் அவனுடைய கருவியிலுள்ள ஒலிவாங்கியின் துளைகளை மெல்ல அடைத்துவிடும் என்பதால், இரவில் கருவியை உலர்த்தும் பெட்டியில் வையுங்கள். ஒலிவாங்கி மூடியையும் உரிய காலத்தில் மாற்றுங்கள்.

வீட்டில் வானொலியை மெதுவாக ஒலிக்கவிட்டுக் கதை வாசித்துக் காட்டுங்கள். பழகப் பழகச் சிறிது கூட்டலாம், அவன் முகம் சோர்ந்தால் நிறுத்திவிடுங்கள். சந்தையிலோ மாமாங்கத் தீர்த்தத் திருவிழாக் கூட்டத்திலோ எந்தப் பயிற்சியும் முழுமையாகக் கைகொடுக்காது. தோளைத் தொட்டுத் திருப்பி, முகம் பார்த்துப் பேசுங்கள்.

ஆசிரியையிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஒரே பத்துச் சொற்களை வரிசை மாற்றி, ஒரு நாள் கரும்பலகையருகே நின்றும், மறுநாள் அவனுடைய மேசையருகே முகம் காட்டியும் அவர் சொல்லட்டும். பின்னர் இரண்டு தாள்களையும் அவரே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.