யூத மாணவர்களுக்கான உதவித்தொகை: என் மகளுக்குக் கிடைக்குமா?

கேள்வி: நான் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப்பெண். கணவர் பெனே இஸ்ரேல் என்ற மகாராஷ்டிர யூதச் சமூகத்தைச் சேர்ந்தவர். தானேயில் வசிக்கிறோம். 22 வயது மகள் இந்த ஆண்டு பி.எஸ்சி. முடிக்கிறாள். வெளிநாட்டில் பொதுச் சுகாதாரம் படிக்க ஆசைப்படுகிறாள். யூத மாணவர்களுக்கென்று நிறைய உதவித்தொகை உண்டு என்கிறார்கள். தேடினால் எல்லாம் அமெரிக்காவாகவே வருகிறது. போதாததற்கு, ‘அம்மா இந்து, அதனால் உன் பெண் யூதரே இல்லை’ என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார். மகள் சோர்ந்துபோய்விட்டாள். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, தானே

பதில்: அன்புச் சகோதரி, அந்த உறவினர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். பெண்ணைச் சோர்வடையச் செய்தது பணமல்ல, அந்தப் பேச்சுதான் என்று உங்கள் கடிதம் காட்டுகிறது. மரபான யூதச் சட்டப்படி தாய்வழிதான் கணக்கு. அதில் அவர் சொன்னது சரி. ஆனால் உதவித்தொகை தரும் எல்லோரும் அந்தச் சட்டத்தைப் பின்பற்றுவதில்லை. யூதர்கள் இஸ்ரேலில் குடியேற உரிமை தரும் ‘திரும்பிவரும் உரிமை’ச் சட்டம் 1950-இல் வந்தது. 1970-இல் அதைத் திருத்தி, தாத்தா பாட்டியில் ஒருவர் யூதராக இருந்தாலும் போதும் என்று ஆக்கினார்கள். உங்கள் மகளுக்கு அப்பாவே யூதர். ஆகவே ஒவ்வோர் அமைப்பிடமும் முதல் கடிதத்திலேயே, “தந்தை யூதர், தாய் இந்து, விண்ணப்பிக்கலாமா?” என்று அவளே நேராகக் கேட்கட்டும். மறைக்க வேண்டாம், கூசவும் வேண்டாம்.

அமெரிக்கப் பட்டியல்களை மூடிவையுங்கள். அங்கே யூத சமூகங்கள் ஊர் ஊராகப் பணம் திரட்டித் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கின்றன. நியூயார்க்கில் 1892 முதல் வட்டியில்லாக் கடன் தரும் ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி அந்த வட்டாரத்தில் வசிப்பவர்களுக்கானது. உள்ளூர் ஜாமீனும் கேட்பார்கள். அட்லாண்டாவில் இருக்கும் யூதக் கல்விக்கடன் நிதியும் அமெரிக்காவின் சில தென்கிழக்கு மாநிலத்தவருக்கு மட்டுமே. தானேயிலிருந்து எழுதிப் பயனில்லை.

பிரிட்டனில் வாய்ப்பு உண்டு. 1871-இல் தொடங்கிய ஆங்கிலோ-யூத சங்கம், அங்கே முழுநேரமாகப் படிக்கும், பண நெருக்கடியில் உள்ள யூத மாணவர்களுக்கு உதவுகிறது. எந்த நாட்டுக் குடிமகன் என்று பார்ப்பதில்லை. முழுச் செலவையும் ஏற்கிற தொகை அல்ல. ஃபீஸில் ஒரு பகுதியாவது குறையும். அட்மிஷன் கடிதம் கைக்கு வந்ததும் விண்ணப்பத்தை அனுப்புங்கள்.

ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் லுட்விக் ஏர்லிச் கல்வி நிதியம் 2009 முதல் யூத மாணவர்களுக்கென்றே இயங்குகிறது. அதன் பணம் பெரும்பாலும் ஜெர்மன் அரசுடையது. அதனால் குடியுரிமை, விசா விதிகள் உண்டு. இந்திய பாஸ்போர்ட்டில் வரும் மாணவிக்கு வழி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மேலே போங்கள். அது கிடைக்காவிட்டாலும் ஜெர்மனியைக் கைவிட வேண்டாம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவுக்கான பணத்தை வங்கிக் கணக்கில் முன்னதாகவே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது. குடும்பங்கள் திணறுவது இந்த இடத்தில்தான். இப்போதே கணக்குப் போடுங்கள்.

இஸ்ரேலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே குடியேறி, குறிப்பிட்ட வயதுக்குள் படிப்பைத் தொடங்குபவர்களுக்கு மாணவர் ஆணையம் என்ற அரசு அமைப்பு கல்விக் கட்டணத்தைக் கட்டுகிறது. கேட்க நன்றாக இருக்கும். சமூகத்தில் பலரும் உங்களுக்கு இதைத்தான் சொல்வார்கள். என் கருத்து வேறு. குடியேறுவது என்றால் இஸ்ரேலியக் குடிமகள் ஆவது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்திய பாஸ்போர்ட் போய்விடும். வயதைப் பொறுத்து ராணுவ சேவை விதிகளும் உண்டு. அங்கே யூதத் திருமணங்கள் ரப்பிகள் எனப்படும் யூத மதகுருமாரின் தலைமையகத்தின் கையில் இருக்கின்றன. அவர்கள் தாய்வழியைத்தான் பார்ப்பார்கள். அங்கே வாழ விரும்பினால் போகட்டும். ஃபீஸுக்காக மட்டும் 22 வயதுப் பெண் குடியுரிமையை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

குடியேறாமலும் போகலாம். இஸ்ரேல் அரசும் யூத ஏஜென்சியும் 2004-இல் தொடங்கிய மாசா திட்டம், சில மாதங்கள் தங்கிப் படிக்கவும் பயிற்சி பெறவும் மானியம் தருகிறது. முன்பு சொன்ன திரும்பிவரும் உரிமைதான் அதற்கு அளவுகோல். முழுப் பட்டத்துக்கு அது போதாது. அவள் படிப்புக்கு நேராகப் பொருந்துவது ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தின் பிரவுன் பொதுச் சுகாதாரப் பள்ளி. ஆங்கிலவழிச் சர்வதேச மாஸ்டர்ஸ் அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. வளரும் நாட்டு மாணவர்களுக்கு, மதம் பாராமல், உதவித்தொகையும் உண்டு. சுகாதாரத் துறையில் வேலை செய்த அனுபவத்தை எதிர்பார்ப்பார்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு அங்குள்ள நிலைமையையும் எண்ணிப் பார்த்துக் குடும்பமாக முடிவெடுங்கள்.

பெரிய தொகைக்கு மதம் கேட்காத கதவுகளையும் தட்டுங்கள். மும்பையிலேயே இருக்கும், 1892-இல் தொடங்கிய ஜே.என். டாடா அறக்கட்டளை வெளிநாட்டு மேற்படிப்புக்குக் கடன் உதவித்தொகை (பிறகு திருப்பிக் கட்ட வேண்டியது) தருகிறது. காமன்வெல்த் உதவித்தொகை பிரிட்டனுக்கு. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கும்; இப்போது வேண்டாம்.

உங்கள் மாநிலத்தில் இன்னொன்று உண்டு. மத்திய அரசின் சிறுபான்மையினர் பட்டியலில் யூதர்கள் இல்லை. ஆனால் மகாராஷ்டிரம் 2016-இலேயே அவர்களுக்குச் சிறுபான்மை அந்தஸ்து கொடுத்துவிட்டது. மாநிலச் சிறுபான்மையினர் நலத் துறையில் வெளிநாட்டுப் படிப்புக்கு என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். உங்கள் கணவர் தானேயின் ஷார் ஹஷமாயிம் ஜெப ஆலயத்துக்கோ தங்கள் குடும்பம் சேர்ந்த ஆலயத்துக்கோ போய், சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதற்கான கடிதம் வாங்கட்டும். தாத்தா பாட்டியின் திருமணப் பதிவு இருந்தால் அதன் நகலும் வேண்டும். யூத அமைப்புகளில் பெரும்பாலானவை முதலில் கேட்பது இவற்றைத்தான். பழைய பதிவேடுகளைத் தேடி எடுக்க நாளாகும். இடையில் யாராவது ‘கமிஷன் கொடுத்தால் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன்’ என்று வந்தால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.